நாலடி இடைவெளி

இன்னும் அனுமதி வரவில்லையாம். பதினோரு மணிக்கு வரச்சொன்னது அந்த மேடம், நான் பத்தே முக்காலுக்கே வந்து வண்டிக்கு ஸ்டாண்டு போட்டாயிற்று, இப்போது பன்னிரண்டாகப் போகிறது. காவலாளி ஏழுமலை தன் போனை என் மூஞ்சிக்கு நேராக நீட்டுகிறான், முப்பத்தொன்றாம் நம்பர் வில்லாவுக்கு மூன்று முறை அனுப்பிவிட்டானாம், அவர்கள் தங்கள் போனில் சரி என்று ஒரு தட்டு தட்டினால்தான் கேட் திறக்க முடியுமாம். ஒரு தட்டு. அதற்குக்கூட நேரமில்லாதவர்களுக்குத் தோட்டம் எதற்கு. ஏழுமலை மேல் எனக்குக் கோபமில்லை, வந்தவாசிப் பக்கத்து ஆள், உட்கார ஸ்டூல் கொடுத்திருக்கிறான், சின்ன ஃபேனை என் பக்கமாகக் கொஞ்சம் திருப்பியும் வைத்திருக்கிறான். கோபமெல்லாம் அந்தப் போன் மேல், போனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, நான் இதுவரை முகம் பார்க்காத மிருணாளினி மேடம் மேல், இந்தக் கடற்கரைச் சாலை மேல், ஒரு கிரவுண்டு என்ன விலை என்று கேட்டால் தலை சுற்றுகிற இந்தச் சென்னையில் மண்ணைத் தொட்டுப் பிழைக்கலாம் என்று நினைத்த என் மேலும்தான். ஒரு மணிக்கு அந்த மேனேஜர் கூப்பிடுவான். ஐ.டி. பார்க் ஒன்றில் தோட்ட மேற்பார்வையாளர் வேலை, மாதச் சம்பளம், சட்டைப் பையில் கம்பெனி பெயர், புல் வெட்டுகிறவர்கள் வந்தார்களா என்று காலையிலும் மாலையிலும் டிக் அடிக்க வேண்டும். சரி என்றால் திங்கட்கிழமை சேரலாம், இல்லை என்றால் அடுத்த ஆள் வரிசையில் நிற்கிறான். என் மனைவி அம்பிகா காலையில் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டாள், இன்றைக்கு இந்த மேடம் வேலை கொடுத்தால் பார், இல்லாவிட்டால் ஒரு மணிக்கு அவனுக்குச் சரி என்று சொல்லிவிடு, நாலு மாதமாக ஒரு கஸ்டமர் இல்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். குக்கரை இறக்கு என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள், பதினாறு வருஷம் நானே முதலாளி நானே கூலி என்று இருந்ததை அந்தக் குரலில் இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

கஸ்டமர் பிடி, கஸ்டமர் பிடி என்கிறார்கள். என்னவோ மழை பெய்ததும் ஈசல் பிடிக்கிற மாதிரி. நான் பிடிக்காமலா இருந்தேன். பேப்பரில் நோட்டீஸ் வைத்துப் பார்த்தேன், திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை வரைக்கும் இரண்டாயிரம் வீடு, வந்தது ஒரே ஒரு போன், பாம்பு பிடிக்க வருவீங்களா என்று ஒரு பெரியவர் கேட்டார். அதற்கப்புறம் அந்த ஆப். தோட்டம் வேண்டும் என்று யாராவது தேடினால் அவர்கள் நம்பரை நமக்குக் கொடுக்கும், நல்லதுதான், அதே நம்பரை ஏழு பேருக்குக் கொடுக்கும் என்பதைச் சொல்லவில்லை, நான் கூப்பிடும்போது ஏழாவது ஆள், ஐயா சாமி என்னை விடுங்கள் என்று அந்த அம்மாள் அழாத குறை. ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்தேன், மார்பிளுக்கும் மாடுலர் கிச்சனுக்கும் போக மிச்சம் இருந்தால் செடி என்றார், மிச்சம் எந்த வீட்டில் இருந்திருக்கிறது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நாற்பது துளசித் தொட்டி இலவசமாகக் கொடுத்தேன், தொட்டிக்குத் தொட்டி என் நம்பரை ஒட்டி, அது அம்பிகாவின் யோசனை, ஒரு மாதம் கழித்து அதே குடியிருப்புக்குப் போனால் துளசி எல்லா பால்கனியிலும் ஜோராக இருக்கிறது, நம்பரை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். பிறகு இந்த 3டி. படம் அனுப்புங்கள் சார், படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச முடியும். மச்சான் பையன் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தான், வானத்தில் கிளி பறக்கிறது, மகிழ மரம் மாடி உயரத்துக்கு நிற்கிறது, நிழல்கூட விழுகிறது. டேய், இந்த மரம் இப்படி நிற்கப் பதினைந்து வருஷம் ஆகும்டா என்றேன், அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அந்தப் படத்தை அனுப்ப மனசு வரவில்லை. அனுப்பினேன். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வேறு ஆளை வைத்து வேலையை முடித்துக்கொண்டார்கள், போகிற வழியில் பார்த்தேன், கிளி மட்டும்தான் இல்லை. பரவாயில்லை, நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள், திருடின படம் மட்டும் குரைக்கவா போகிறது.

ஏழுமலை மறுபடியும் அனுப்புகிறான். இந்த ஸ்டூலிலிருந்து பார்த்தால் கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் முதல் வீடு தெரிகிறது, பதினாலாம் நம்பர், பார்க்கக்கூடாது என்றுதான் ஒரு மணி நேரமாகத் தலையைத் தெருப்பக்கமே வைத்திருந்தேன், கழுத்து வலிக்கிறது. பார்த்துவிட்டேன். உப்புக் காற்றுக்குத் தடுப்பாகக் கடல் பக்கம் இரண்டு புன்னை, மதிலை ஒட்டி நந்தியாவட்டை ஒன்றுக்கொன்று தோள் தொட்டு நிற்கிறது, உள்ளே போகப்போக இட்லிப்பூ, நடுவில் பவழமல்லி. ஒரு இலை பழுப்பில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் வைத்தது. வைத்த அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும், மொட்டை. நந்தியாவட்டைக்கு நாலடி விடுவேன், இட்லிப்பூவுக்கு மூன்றடி, புன்னைக்கு இருபது. செடி வளர்ந்தபிறகு எவ்வளவு இடம் எடுக்குமோ அதை இன்றைக்கே விட்டுவிடுவது என் வழக்கம். இந்தத் தொழிலில் அப்படிச் செய்கிறவன் முட்டாள். மற்றவர்கள் ஒன்றரை அடிக்கு ஒன்று நெருக்கி வைப்பார்கள், பையோடு வந்த செடி, பூத்த செடி, விசேஷத்தன்று போட்டோவில் காடு மாதிரி இருக்கும், ஆறு மாதத்தில் காற்றுப் போகாமல் மாவுப்பூச்சி விழுந்து பாதி சாகும், செத்ததை மாற்றி வைக்க அதே ஆளையே கூப்பிடுவார்கள், அவனுக்கு வேலைக்கு வேலை, கஸ்டமருக்குக் கஸ்டமர். என்னோடு பத்து வருஷமாகக் குழி எடுக்கிற எல்லம்மாகூடச் சொல்லிப் பார்த்தாள், நடுவுல ரெண்டு செடி சொருகேண்ணா, பாக்கறவன் கண்ணுக்குப் பசிக்காதா என்று. சொருக மாட்டேன் என்றேன். அப்போது எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. பதினாலாம் நம்பர் வேலை முடிந்ததும் தகரத்தில் என் பெயரும் போன் நம்பரும் எழுதின போர்டு ஒன்றை மதிலோரம் நட்டேன். வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார், எந்தச் செடியையும்விட போர்டுதான்யா உசரமா இருக்கு என்றார். எல்லம்மா சிரித்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் போர்டைப் பிடுங்கி வண்டியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன், ரோஷம், இந்த ரோஷத்தை உப்புப் போட்டுத்தான் நக்க வேண்டும், இப்போது அந்தப் போர்டு எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. பிடுங்கின இடத்தில் இன்றைக்கு வேறு போர்டு இருக்கிறது. இன்னொரு தோட்டக்காரன் பரமசிவத்தின் போர்டு, பச்சையில் மஞ்சள் எழுத்து. அவன் அங்கே மாதத்துக்கு இரண்டு தடவை ஆளனுப்பிக் கிளை வெட்டுகிறான், அவ்வளவுதான் அவனுக்கும் அந்தத் தோட்டத்துக்கும் உள்ள உறவு. இதை ஏழுமலைதான் வெள்ளந்தியாகச் சொன்னான், யார் புதுசா குடி வந்தாலும் மொதல்ல அந்தத் தோட்டத்ததான்ணே கேப்பாங்க, யார் போட்டது யார் போட்டதுன்னு, நான் போர்டுல இருக்கற நம்பரைக் குடுத்துருவேன். எத்தனை பேருக்குடா கொடுத்திருப்பே என்றேன். இந்த ரெண்டு வருஷத்துல ஒரு பதினஞ்சு பேர் இருக்குமா என்று அவன் விரல் விட்டான். பதினைந்து கஸ்டமர். பாம்பு பிடிக்க வருவீங்களா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் என் தோட்டம் பரமசிவத்துக்குப் பதினைந்து கஸ்டமர் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

கத்த வேண்டும் போல இருக்கிறது, யாரிடம் கத்துவது. பரமசிவத்திடமா, அவன் வேலை செய்கிற இடத்தில் அவன் போர்டு வைத்திருக்கிறான், அதில் சட்டப்படி என்ன தப்பு. அந்த வீட்டுக்காரரிடமா, இப்போது இருப்பவர் மூன்றாவது ஆள், அவருக்கு என்னை யாரென்றே தெரியாது. போர்டை விட உயரமில்லை என்று சொன்னவரிடம் கத்தலாம், ஆறு வருஷமாக மனசுக்குள் அவரிடம்தான் கத்திக்கொண்டிருக்கிறேன், பேருந்தில், குளிக்கும்போது, எல்லம்மாவுக்குக் கூலி கொடுத்துவிட்டு நிற்கும்போது, பாருங்கள் சார் பாருங்கள் இப்போது வந்து பாருங்கள் என்று. கோதண்டபாணி சார். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், வாழ்நாளெல்லாம் தண்ணீரையே பார்த்தாயிற்று, இனி கொஞ்சம் பச்சையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார். அவர் என்ன ஆனார் என்று சற்று முன்னால் ஏழுமலையிடம் கேட்டேன், கேட்டிருக்கக்கூடாது. அவரு போய்ட்டாருண்ணே, வீட்டை வித்துட்டு புனாவுல மகன் வீட்டுக்குப் போனாரு, போன வருஷம் அங்கயே எறந்துட்டாருன்னு சொன்னாங்க. வீட்டை விற்றது தோட்டம் போட்ட இரண்டாம் வருஷம். இரண்டாம் வருஷம் நந்தியாவட்டை முழங்கால் உயரம் வந்திருக்கும். புன்னை ஒரு குச்சி. அவ்வளவுதான் அவர் பார்த்தது. செத்துப்போனவர் மேல் கோபப்பட முடியுமா, முடிகிறது, என்னால் முடிகிறது, ஏன் விற்றுவிட்டுப் போனீர்கள், இன்னும் நாலு வருஷம் இருந்தால் என்ன. அன்றைக்கு அவர் போர்டைப் பற்றி மட்டுமா சொன்னார். அதற்கப்புறமும் ஒன்று சொன்னார், அதைத்தான் நான் நினைப்பதில்லை. எனக்கு எழுபத்திநாலு வயசுப்பா என்றார். கைத்தடியால் இரண்டு செடிக்கு நடுவே இருந்த மண்ணைத் தொட்டுக் காட்டிக்கொண்டே. நான் உடனே, யோசிக்கவே இல்லை, தோட்டம் நமக்காகப் போடறதில்ல சார், வரப்போறவங்களுக்காகப் போடறது என்றேன். பெரிய தத்துவம். எல்லம்மா பக்கத்தில் நிற்கிறாள் என்கிற ஜம்பம் வேறு. அவர் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் தனக்காகத்தான் கூப்பிட்டிருந்தார். வரப்போகிறவர்களுக்காக என்று அவர் எங்கே சொன்னார், நானாகவே யாரோ முகம் தெரியாத ஆட்களுக்கு அந்த மனிதரின் நிலத்தை எழுதி வைத்துவிட்டேன். இல்லை, அப்படியும் இல்லை, நெருக்கி வைத்திருந்தால் ஆறு மாதத்தில் செத்திருக்குமே. செத்தால் என்ன, ஆறு மாதம் பார்த்திருப்பாரே. இல்லை, அது பித்தலாட்டம். பித்தலாட்டமாகவே இருக்கட்டும், பார்த்திருப்பாரே. வெயில் காவல் ஷெட்டுக்குள் வந்து என் முட்டி வரை ஏறிவிட்டது.

பன்னிரண்டே முக்கால். ஒரு கார் வந்து நிற்கிறது, ஏழுமலை சல்யூட் அடிக்கிறான், கேட் தானாகத் திறந்து தானாக மூடுகிறது, காருக்குச் சம்மதம் கேட்கிறவர் யாரும் இல்லை. மூடுவதற்குள் காரில் இருந்த பெண் கண்ணாடியை இறக்கிப் பதினாலாம் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறாள். எடுத்துக்கொள், அம்மா, போர்டும் விழுகிற மாதிரி எடு. இந்த மேடமும் அதைத்தான் கேட்கப் போகிறாள், தெரியாதா எனக்கு, அந்தத் தோட்டம் மாதிரியே வேண்டும், அடுத்த வாரமே வேண்டும், பரமசிவத்திடமும் விலை கேட்டிருப்பாள், என்னைக் கூப்பிட்டது அவனோடு பேரம் பேச. அப்படித்தான் இருக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டுப் போ, அம்பிகா இருந்தால் சொல்வாள், ஒன்றரை அடிக்கு வை, எவன் கேட்கிறான். வைத்துவிடலாம். ஒரே ஒரு தடவை. ஐ.டி. பார்க்கில் மட்டும் என்ன வாழ்கிறதாம், அங்கே வாரத்துக்கு ஒருமுறை தொட்டியோடு மாற்றுவார்கள், செடி வேர் விடுவதற்குள் லாரி வந்துவிடும், அதற்கு டிக் அடிக்க ஒரு ஆள், அது நான். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதைவிட ஒன்றரை அடிக்கு வைத்துவிட்டு என் பெயரில் நிற்கலாம். ஆனால் அப்புறம் அது என் பெயர்தானா. அட போ, பெயராம் பெயர், நாலு மாதமாகப் பெயரையா சமைத்துச் சாப்பிட்டோம்.

ஏழுமலை இன்டர்காமைக் காதில் வைத்துக்கொண்டு என்னைக் கை காட்டிக் கூப்பிட்டான். முப்பத்தொன்றாம் நம்பர். மேடம் உங்ககிட்டயே பேசணுமாம். எழுந்ததும் ஒரு கால் மரத்துப்போயிருந்தது, நொண்டிக்கொண்டே போய் வாங்கினேன். ஆபீஸ் மீட்டிங் இழுத்துவிட்டதாம், மன்னிக்கச் சொன்னாள், குரல் நான் நினைத்ததைவிட வயதான குரல், களைத்த குரல். உள்ளே வருவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன், உங்கள் நேரமும் வீணாக வேண்டாம் என்றாள். பதினாலாம் நம்பர் மாதிரியே வேண்டும், இன்னும் பன்னிரண்டு நாளில் வீட்டில் ஒரு விசேஷம், அதற்குள் முடியுமா.

முடியும் என்றுதான் வாயைத் திறந்தேன். "அது ஆறு வருஷத் தோட்டம் மேடம். வெச்சது நான்" என்று வந்தது.

"நீங்களா? அங்க வேற பேர்ல போர்டு இருக்கே."

"போர்டு அவங்களது. செடி நான் வெச்சது. அது இப்படி ஆகறதுக்கு ஆறு வருஷம் ஆச்சு."

போச்சு என்று நினைத்தேன். ஏழுமலை வாயைத் திறந்துகொண்டு என்னையும் பதினாலாம் நம்பரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சரி. அந்த ஆறு வருஷமும் நான் எதைப் பாத்துக்கிட்டு இருக்கறது?"

கிண்டல் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று அந்தக் குரலில் தேடினேன், இல்லை. உண்மையாகவே கேட்கிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள். செடி எங்கே நிற்கும் என்று பதினாறு வருஷமாக டேப் வைத்து அளந்திருக்கிறேன். ஆள் எங்கே இருப்பான் என்று ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. கோபமாக வந்தது, அவள் மேல் இல்லை.

"காலைல எங்க உக்காருவீங்க மேடம்?"

"என்னது?"

"காலைல, வீட்டுக்குள்ள. எங்கேருந்து வெளிய பாப்பீங்க?"

"உக்கார்றதெல்லாம் எங்க. கிச்சன் ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டே காபி குடிக்கறதோட சரி."

"ஜன்னலுக்கு வெளிய என்ன இருக்கு?"

"மதில் சுவர்தான். நடுவுல ஒரு பத்தடி இருக்கும். ஜல்லி கொட்டி வெச்சிருக்காங்க."

"அந்தப் பத்தடியை மட்டும் நெருக்கமா வெச்சுத் தரேன். பன்னண்டு நாள்ல பூ இருக்கும். மத்த எடமெல்லாம் நாலடி விட்டுத்தான் வெப்பேன், மொட்டையாத்தான் இருக்கும், விசேஷத்துக்கு வர்றவங்க என்ன இதுன்னு கேப்பாங்க." சண்டைக்குப் போகிற தொனியில்தான் சொன்னேன், வேறு தொனி கைவசம் இல்லை. "அந்தப் பத்தடியும் நிக்காது. ஆறு மாசத்துல பாதி செத்துப்போகும். நான் வந்து எடுத்துட்டு வேற வெப்பேன். மத்த எடத்துல இருக்கறது வளர்ற வரைக்கும் அங்க மட்டும் மாத்தி மாத்தி வெப்பேன்."

"செத்துப்போகும்னு நீங்களே சொல்றீங்க."

"ஆமாங்க."

அப்புறம், போனைக் காவலாளியிடம் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். ஏழுமலை கேட்டுக்கொண்டே இருந்தான், சரிங்க மேடம் என்றான், இன்னொரு தடவை சரிங்க மேடம் என்றான், அவன் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. என் சட்டைப் பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. மணி ஒன்று, அந்த மேனேஜர். ஏழுமலை இன்டர்காமை மாட்டிவிட்டு மேஜை டிராயரைத் திறந்து வருகைப் பதிவேட்டை எடுத்து என் பக்கம் திருப்பினான். எழுதிட்டு உள்ள போங்கண்ணே என்றான். போன் அடித்து அடித்து நின்றது, மறுபடியும் அடித்தது. தேதி, நேரம், வில்லா நம்பர் எல்லாம் எழுதினேன். அடுத்த கட்டத்தில் கம்பெனி பெயர் எழுத வேண்டும். தணிகாசலம் என்று என் பெயரையே எழுதினேன், எழுத்து பெரிதாகிக் கட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது.